வனாந்தரத்துக்குப் போன போதகர் – ஜான் ஃபிளின்



 மாதந்தோறும் இந்தப் பக்கத்தில் ஒரு தேவ ஊழியரின் ஜீவியத்தைத் தியானித்து வருகிறோம். இந்த மாதம் யாரைப் பற்றி எழுதலாம் என்று நான் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, கர்த்தர் ஒரு வித்தியாசமான வழியில் எனக்குப் பதில் கொடுத்தார்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து காணிக்கைப் பையைத் திறந்து எண்ணினபோது, நம்முடைய ரூபாய்களுக்கு நடுவிலே சிவப்பு நிறத்தில் ஒரு அந்நிய நோட்டு இருந்தது. கையால் தொட்டால் காகிதம் மாதிரி இல்லை, பிளாஸ்டிக் மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு சகோதரர் போட்ட 20 டாலர் நோட்டு அது. அதிலே கண்ணாடி போட்ட ஒரு மனிதரின் முகம். பக்கத்திலே ஒரு பழைய விமானம், ஒட்டகத்தின்மேல் ஒரு ஆள். இவர் யாரோ ராஜாவா, மந்திரியா என்று அந்தச் சகோதரரிடம் கேட்டேன். ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை, பாஸ்டர் ஐயா, இவரும் உங்களை மாதிரி ஒரு பாஸ்டர்தான் என்றார். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. ஒரு தேசம் தன் பணத்தில் ஒரு போதகரின் முகத்தை அச்சடிக்க வேண்டுமென்றால் அவர் என்ன செய்திருப்பார்? தேடிப் படித்தேன். படித்தது என் இருதயத்தை உடைத்தது. அதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

தாயை இழந்த பிள்ளை

ஜான் ஃபிளின் 1880ஆம் வருஷம் நவம்பர் 25ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மோலியாகுல் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். 1883ல், பிள்ளைக்கு மூன்று வயதுகூட நிரம்பாதபோது, தாயார் பிரசவத்தில் மரித்துப் போனாங்க. தாயின் முகம் கூட ஞாபகத்தில் தங்காத வயது. பின்னாட்களில் எத்தனையோ தாய்மார் பிரசவ நேரத்தில் உயிர் பிழைக்க இந்த மகன் காரணமாக இருக்கப் போகிறார் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? கர்த்தர் நம்முடைய கண்ணீரை வீணாக்குகிறவர் அல்ல.

வீட்டிலே பணவசதி இல்லை. பள்ளிப் படிப்பை முடித்ததும் கல்லூரிக்குப் போக முடியாமல், தகப்பனைப் போலவே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிற வேலைக்குப் போனார். ஆனாலும் ஊழிய அழைப்பு அவரை விடவில்லை. 1903ல் பிரஸ்பிட்டேரியன் சபையில் ஊழியப் பயிற்சிக்குச் சேர்ந்தார். மெல்போர்னில் வேதசாஸ்திரம் படித்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற தொழிலாளிகள் மத்தியில் போய் ஊழியம் செய்தார். அவர்கள் ஊர் ஊராய்த் திரிகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலைத் தேடி வருகிறவர்கள் அல்ல. இவர்தான் அவர்களைத் தேடிப் போனார்.

அவர்களுக்காக 1910ல் ஒரு சின்னக் கைப்புத்தகம் வெளியிட்டார். அதிலே ஜெபங்கள் இருந்தன. காயம் பட்டால், எலும்பு முறிந்தால் என்ன செய்வது என்ற முதலுதவிக் குறிப்புகள் இருந்தன. உயில் எழுதுவது எப்படி என்று இருந்தது. போதகர் இல்லாத இடத்தில் ஒருவர் இறந்துபோனால், கூட இருக்கிறவர்களே வாசித்து அடக்கம் பண்ணும்படி அடக்க ஆராதனை முறையும் இருந்தது. அதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடக்கம் பண்ணக்கூட ஆள் வராத இடங்களில் மனுஷர் வாழ்ந்திருக்கிறார்கள் என்றால் பாருங்க.

ஸ்டேஷன் என்றால் என்ன?

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலே ஸ்டேஷன் என்று சொன்னால் ரயில் நிலையமோ போலீஸ் நிலையமோ அல்ல. கால்நடைப் பண்ணைக்குத்தான் அந்தப் பெயர். பண்ணை என்றவுடனே நாலு ஏக்கர், பத்து ஏக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். தென் ஆஸ்திரேலியாவில் அன்னா கிரீக் என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. 2016ல் ஒரு பகுதியைப் பிரிப்பதற்கு முன்பு அதன் பரப்பு 23,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதாவது இன்றைய இஸ்ரேல் தேசத்தைவிடப் பெரியது. இதெல்லாம் ஒரே பண்ணை!

ஏன் இவ்வளவு பெரிசு? அங்கே மழை அபூர்வம், புல் கொஞ்சம். ஒரு மாடு வயிறு நிரம்பவே பெரிய நிலப்பரப்பு வேண்டும். செம்மண் தரை, முள்செடி, வெயில் காலத்தில் 40 டிகிரிக்கு மேல் போகிற சூடு. மழை வந்தாலோ ஆறுகள் பரந்து வாரக்கணக்கில் வழி அடைபட்டுவிடும். பண்ணையின் நடுவிலே ஒரு வீடு, சில கொட்டகைகள், ஒரு கிணறு. அதிலே ஒரு குடும்பமும் மாடு மேய்க்கிற ஆட்களும் இருப்பார்கள். அந்த மண்ணின் பூர்வ குடிகளான ஆண்களும் பெண்களும் அங்கே பாடுபட்டு உழைத்தார்கள். பல இடங்களில் அவர்களுக்குச் சரியான கூலிகூடக் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போக ஒரு நாள், இரண்டு நாள் குதிரைப் பிரயாணம். கடிதம் வாரக்கணக்கிலே வரும். டாக்டரோ, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால்.

பிரசவ வேதனை வந்தால் அந்தத் தாய் என்ன செய்வாங்க? பிள்ளைக்கு ஜன்னி கண்டால்? குதிரையிலிருந்து விழுந்து ஒருவருக்குத் தொடை எலும்பு முறிந்தால்? மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ போட்டுக்கொண்டு குலுங்கக் குலுங்கப் போவார்கள். வழியிலேயே முடிந்துபோனவர்கள் அநேகர். ஓரமாய்க் குழி தோண்டி அடக்கம் பண்ணிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார்கள்.

பெல்டானாவில் பிறந்த பாரம்

1911 ஜனவரியில் ஃபிளின் குருப்பட்டம் பெற்றார். பட்டணத்திலே நல்ல சபை கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவரோ அடிலெய்டு பட்டணத்துக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வடக்கே பெல்டானா என்ற ஊருக்குப் போனார். அங்கிருந்து ஸ்டேஷன் ஸ்டேஷனாய்ப் போய் ஜனங்களைச் சந்தித்தார். அவர்கள் சொல்லுகிறதைக் காது கொடுத்துக் கேட்டார். பிரசங்கம் பண்ணுவதைவிடக் கேட்பதிலே அதிக நேரம் செலவழித்த போதகர் அவர். கேட்கக் கேட்க அவருக்குள் பாரம் பெருகியது.

1912ல் சபை அவரை வட பிராந்தியத்துக்கு அனுப்பி, அங்குள்ள நிலைமையை ஆராய்ந்து வரச் சொன்னது. அவர் கொண்டு வந்த அறிக்கையைக் கேட்ட சபை, அதே வருஷம் செப்டம்பர் 26ஆம் தேதி ஆஸ்திரேலிய உள்நாட்டு மிஷன் என்ற ஊழியத்தை ஆரம்பித்து, அவரையே அதற்குக் கண்காணிப்பாளராக வைத்தது. அந்தக் காலத்தில் ஏறக்குறைய 18 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புக்கு இரண்டே இரண்டு டாக்டர்கள்தான் இருந்தார்கள் என்று பறக்கும் டாக்டர் சேவையின் சரித்திரம் சொல்லுகிறது.

ஃபிளின் இரண்டு வகையான ஊழியர்களை அனுப்பினார். முதலாவது, சுற்றித் திரிகிற போதகர்கள். ஊட்னடாட்டாவிலிருந்து புறப்பட்டு ஒட்டகத்தின்மேல் மாதக்கணக்காய்ப் பிரயாணம் பண்ணி, ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய் ஜெபித்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, புஸ்தகங்களையும் கொடுத்து வருவார்கள். அந்த நோட்டிலே ஒட்டகத்தின்மேல் இருக்கிறவர் இப்படிப்பட்ட ஒரு போதகர்தான். இரண்டாவது, நர்ஸ் சகோதரிகள். தனிமையான இடங்களில் சிறு மருத்துவமனைகளைக் கட்டி, இரண்டு இரண்டு பேராய் அவர்களை அனுப்பினார். நம் ஆண்டவர் தம்முடைய சீஷர்களை அனுப்பின முறையும் அதுதானே. 1922ல் விக்டோரியா ரிவர் டவுன்ஸ் என்ற பெரிய மாட்டுப் பண்ணையிலும், 1923ல் பேர்ட்ஸ்வில்லிலும், 1926ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலும், 1928ல் இன்னமின்காவிலும் இந்த மருத்துவமனைகள் வந்தன. பேர்ட்ஸ்வில்லில் பழைய ஹோட்டல் கட்டிடம் ஒன்றிலேதான் அந்தச் சகோதரிகள் வேலையை ஆரம்பித்தார்கள்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனைக்கு ஃபிளினே திட்டம் போட்டார்.  கட்டிடத்துக்கு அடியிலே சுரங்கம் மாதிரி ஒரு வழி வைத்து, அதிலே ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, அதன் வழியாய் வருகிற காற்று குளிர்ந்து நோயாளியின் அறைக்குப் போகும்படி செய்தார். ஆத்துமாவைப் பற்றிப் பேசுகிறவர், நோயாளிக்கு வியர்க்குமே என்று யோசித்திருக்கிறார்.

ஒரு மாட்டுக்காரனின் மரணம்

1917ஆம் வருஷம் நடந்த ஒரு சம்பவம் ஆஸ்திரேலியா தேசத்தையே அசைத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ரூபி பிளெயின்ஸ் என்ற ஸ்டேஷனில் ஜிம்மி டார்சி என்ற மாட்டுக்காரர் குதிரையிலிருந்து விழுந்து, வயிற்றின் உள்ளே பலத்த காயப்பட்டார். கூட இருந்தவர்கள் அவரை வண்டியில் போட்டு, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்திலிருந்த ஹால்ஸ் கிரீக் ஊருக்குக் கொண்டு போனார்கள். அங்கே டாக்டர் இல்லை. போஸ்ட் மாஸ்டர் டக்கெட் என்பவருக்குக் கொஞ்சம் முதலுதவி தெரியும், அவ்வளவுதான்.

அவர் தந்தி மூலமாய் 3,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்த பெர்த் பட்டணத்து டாக்டர் ஹாலண்டைப் பிடித்தார். டாக்டர் தந்தியிலே கேள்வி கேட்கிறார், இவர் பதில் அனுப்புகிறார். உடனே ஆபரேஷன் பண்ணாவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தது. போஸ்ட் மாஸ்டர் நடுங்கிப் போனார். கையில் இருந்ததோ ஒரு பேனாக்கத்தியும், புண் கழுவுகிற பெர்மாங்கனேட் மருந்தும்தான். ஆளை மயங்க வைக்க மருந்து இல்லை. தந்தியில் வருகிற ஒவ்வொரு வார்த்தையாய்ப் பின்பற்றி அவர் ஆபரேஷன் செய்தார்.

டாக்டர் ஹாலண்டும் சும்மா இருக்கவில்லை. மாடு ஏற்றுகிற கப்பலில் ஏறி டெர்பி துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து காரிலும் குதிரை வண்டியிலும் பாதையில்லாத பாதையிலே வந்தார். ஒரு வாரத்துக்கும் மேலான பிரயாணம். வந்து சேர்ந்தபோது, அதற்கு முந்தின நாள் ஜிம்மி டார்சி இறந்துபோயிருந்தார். ஆபரேஷன் நன்றாகத்தான் செய்யப்பட்டிருந்தது. மலேரியாக் காய்ச்சல் அவரைக் கொண்டு போய்விட்டது. ஒரே ஒரு நாள் தாமதம்!

மரித்த வாலிபனின் கடிதம்

அதே 1917 நவம்பரில் ஃபிளினுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதினவர் கிளிஃபோர்ட் பீல் என்ற மருத்துவ மாணவர். ஆகாயப் படையில் சேர்ந்து யுத்தத்துக்குப் போகிற வாலிபர். ஃபிளினுடைய பாரத்தைப் பற்றி அவர் அறிந்திருந்தார். விமானத்தில் டாக்டரை அனுப்பினால் என்ன என்று யோசித்து, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்றெல்லாம் கணக்குப் போட்டு எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் விமானம் என்றாலே ஜனங்கள் பயப்படுவார்கள். ஆனால் ஃபிளின் அதைக் கர்த்தருடைய வழிநடத்துதலாக ஏற்றுக்கொண்டார். 1918 அக்டோபரில் தன்னுடைய மிஷன் பத்திரிகையிலே அந்தக் கடிதத்தை அச்சிட்டார். அப்போது அதை எழுதிய வாலிபர் உயிரோடு இல்லை. செப்டம்பர் 19ஆம் தேதி பிரான்ஸ் தேசத்து யுத்தத்தில், 24ஆம் வயதில், அவருடைய விமானம் திரும்பி வரவில்லை. விதைத்தவர் போய்விட்டார், விதையோ நிலத்தில் இருந்தது.

பத்து வருஷக் காத்திருப்பு

தேவ பிள்ளைகளே, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். கடிதம் வந்தது 1917ல். முதல் விமானம் பறந்தது 1928ல். இடையிலே பத்து வருஷத்துக்கும் மேல்! ஃபிளின் ஊர் ஊராய்ப் போய் தான் எடுத்த படங்களைக் காட்டி, வனாந்தரத்து ஜனங்களின் கதையைச் சொன்னார். பத்திரிகையிலே எழுதினார். பணக்காரரைச் சந்தித்தார், விமானக் கம்பெனிக்காரரைச் சந்தித்தார். இது நடக்கிற காரியமா என்று சந்தேகித்தவர்கள் உண்டு. அவர் கோபப்படுகிறவர் அல்ல. நிதானமாய்ப் பேசி, கடிதத்துக்குமேல் கடிதம் எழுதி, மறுபடியும் மறுபடியும் தட்டிக்கொண்டே இருந்தார். நியாயாதிபதியின் கதவைத் தட்டின விதவையை ஞாபகப்படுத்துகிற ஊழியம்.

1926ல் அறுவடை இயந்திரங்கள் செய்கிற தொழிலதிபர் ஹியூ விக்டர் மெக்கே என்பவர் மரித்தபோது, இந்த ஆகாய மருத்துவ முயற்சிக்காக 2,000 பவுண்டு எழுதி வைத்திருந்தார். குவாண்டாஸ் விமானக் கம்பெனி ஒரு விமானத்தை வாடகைக்குக் கொடுக்கச் சம்மதித்தது. மைலுக்கு இரண்டு ஷில்லிங் வாடகை. 1928 மே 15ஆம் தேதி குவீன்ஸ்லாந்தில் குளோன்கரி என்ற ஊரில் ஆகாய மருத்துவ சேவை ஆரம்பமானது. ஒரு வருஷம் பரீட்சை பார்ப்போம் என்பதே ஏற்பாடு. மே 17ஆம் தேதி டாக்டர் வெல்ச், விமானி அஃப்லெக் இருவரும் ஜூலியா கிரீக் ஊருக்கு முதல் பயணமாய்ப் பறந்தார்கள். விமானத்தின் பெயர் விக்டரி, அதாவது ஜெயம். அல்லேலூயா!

அது மரமும் துணியும் வைத்துச் செய்த விமானம். டாக்டர் உள்ளே உட்காருவார், விமானி திறந்த இடத்தில் வெயிலிலும் காற்றிலும் உட்கார்ந்து ஓட்டுவார். வழிகாட்டுகிற ரேடியோ கிடையாது. கீழே தெரிகிற ஆற்றையும் வேலியையும் தந்திக் கம்பத்தையும் பார்த்துத்தான் போகவேண்டும். முதல் வருஷத்திலேயே 50 பயணங்கள், ஏறக்குறைய 20,000 மைல்.

மிதிக்கிற ரேடியோ

டாக்டர் இருக்கிறார், விமானம் இருக்கிறது. ஆனால் வியாதிப்பட்டவர் எப்படிக் கூப்பிடுவார்? ஸ்டேஷன் வீட்டிலே டெலிபோனும் இல்லை, கரண்டும் இல்லை. கூப்பிட வழியில்லாமல் மருத்துவர் இருந்து என்ன பிரயோஜனம்?

ஃபிளின் இதையும் முன்கூட்டியே யோசித்திருந்தார். அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர் என்ற இளம் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு 1926லேயே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் போய்ப் பரிசோதனைகள் செய்தார்கள். பெரிய பேட்டரிகள் சரிப்படவில்லை. கையால் சுற்றுகிற இயந்திரம் செய்தால், சுற்ற ஒரு ஆள், செய்தி அனுப்ப ஒரு ஆள் என்று இரண்டு பேர் வேண்டும். கடைசியில் டிரேகர் சைக்கிள் பெடல் மாதிரி காலால் மிதிக்கிற இயந்திரத்தைச் செய்தார். கால் மிதிக்கும், மின்சாரம் வரும், கை சும்மா இருக்கும், அந்தக் கையால் செய்தி அனுப்பலாம். 1929 ஜூன் மாதம் அகஸ்டஸ் டவுன்ஸ் என்ற மாட்டுப் பண்ணையில் முதல் மிதி ரேடியோ வைக்கப்பட்டது. அந்த வீட்டு அம்மாதான் மிதித்து முதல் செய்தியைக் குளோன்கரிக்கு அனுப்பினாங்க. பேச்சு அல்ல, தந்தி மாதிரி கட்டுக்கட்டு என்கிற சத்தம்தான். பிறகு எழுத்தைத் தட்டினாலே போதும் என்கிற மாதிரி ஒரு இயந்திரம், அதற்குப் பிறகு பேசவே முடிகிற ரேடியோ என்று வளர்ந்தது.

மாதக்கணக்காய் இன்னொரு பெண்ணின் குரலைக் கேட்காத தாய்மார், டாக்டரின் நேரம் முடிந்ததும் ரேடியோவிலேயே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அங்கே காலா என்று பெயருள்ள, சத்தம் போடுகிற ஒரு கிளி உண்டு. அந்தப் பேச்சு நேரத்துக்கு அந்தக் கிளியின் பெயரையே வைத்துவிட்டார்கள்! சிரிப்பாக இருந்தாலும், தனிமையில் வாடின எத்தனை இருதயங்களை அது தேற்றியிருக்கும்! 1942 முதல் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நம்பர் போட்ட மருந்துப் பெட்டி கொடுத்தார்கள். டாக்டர் ரேடியோவில் நம்பரைச் சொன்னால் போதும், அந்த மருந்தை எடுத்துக் கொடுத்துவிடலாம்.

பிடித்து வைத்துக்கொள்ளாத கை

ஃபிளின் 1932ல், தன் 51ஆம் வயதில், மிஷன் அலுவலகத்தில் செயலாளராக இருந்த ஜீன் பேர்ட் அம்மையாரைத் திருமணம் செய்தார். ஊழியம் வளர்ந்தது. ஒரு சபையால் மாத்திரம் தாங்க முடியாத அளவு வளர்ந்தபோது, இது எங்கள் சபையின் சொத்து என்று அவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளவில்லை. 1934 முதல் அது தேசம் முழுவதற்குமான பொதுச் சேவையாக மாறியது. 1942ல் பறக்கும் டாக்டர் சேவை என்று பெயர் பெற்றது. 1955ல் ராணியின் அனுமதியோடு ராயல் என்ற பட்டமும் சேர்ந்தது. 1939 முதல் 1942 வரை ஃபிளின் தன் சபையின் தேசியத் தலைவராக இருந்தார். 1951 மே 5ஆம் தேதி சிட்னியில் புற்றுநோயால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடுத்த மாதமே ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அதே ரேடியோ மூலமாய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிற ஆகாயப் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. அவருடைய சாம்பல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே, கில்லன் மலையின் அடிவாரத்தில் அடக்கம் பண்ணப்பட்டது.

குறையையும் சொல்ல வேண்டும்

பரிசுத்த வேதம் தாவீதின் வெற்றியை மாத்திரம் எழுதவில்லை, வீழ்ச்சியையும் எழுதியிருக்கிறது. நாமும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஃபிளினுடைய ஊழியம் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடியேற்றக்காரரை நோக்கியே இருந்தது. அந்த மண்ணின் பூர்வ குடிகளுக்காக அவர் போதுமான அளவு செய்யவில்லை என்று, டாக்டர் சார்லஸ் டுகுயிட் போன்ற அவருடைய சபையாரே அவர் உயிரோடு இருக்கும்போதே வருத்தப்பட்டார்கள். அவர்களுக்கான ஊழியம் சபையின் வேறு பிரிவுக்குரியது என்பது அவர் பக்கத்து நியாயம். ஆனாலும் அவ்வளவு தூரம் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, அதே பண்ணையிலே உழைத்துக்கொண்டிருந்தவர்கள் சரியாகத் தெரியவில்லையே என்ற வேதனை எனக்கு உண்டு.

அவர் கல்லறையின்மேல் வைத்த பெரிய உருண்டைப் பாறையும்கூட, பூர்வ குடிகள் புனிதமாய் மதிக்கிற இடத்திலிருந்து கேட்காமல் எடுத்து வந்ததுதான். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 1990களின் முடிவில் அந்தப் பாறை அதன் இடத்துக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியின் அரெர்ன்டே ஜனங்கள் தங்கள் நிலத்திலிருந்து வேறொரு பாறையைக் கல்லறைக்குக் கொடுத்தார்கள். தங்களை மறந்த ஒருவரின் கல்லறைக்கு அவர்கள் கல் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது, மன்னிப்பைப் பற்றி நான் பண்ணின பிரசங்கங்களெல்லாம் எனக்குச் சின்னதாய்த் தெரிந்தன.

என் அறிக்கை

இப்போது என் இருதயத்தைத் திறந்து ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். நாம் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிற ஜனங்கள். கர்த்தர் சுகமாக்குகிறார் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. என் கண்ணாலேயே அற்புதங்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் சில வருஷங்களுக்கு முன்பு பிரசங்க பீடத்திலிருந்து, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று ஆவேசமாய்ப் பேசிவிட்டேன். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தாயார் அதைக் கேட்டாங்க. சர்க்கரை வியாதி உள்ளவங்க. காலில் ஒரு சின்னப் புண் இருந்தது. பாஸ்டர் என்ன நினைப்பாரோ என்று யாரிடமும் சொல்லாமல் ஜெபித்துக்கொண்டே இருந்திருக்காங்க. நாற்றம் வந்த பிறகுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. டாக்டர்கள் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. நான் போய்ப் பார்த்தபோது, என்னைக் குறை சொல்லவே இல்லை. எனக்கு நாற்காலியை எடுத்துப் போடச் சொல்லி, டீ கொடுக்கச் சொன்னாங்க. நான் அந்த டீயைக் குடிக்க முடியாமல் அழுதேன்.

ஃபிளினுடைய ஜீவியத்தைப் படித்தபோது கர்த்தர் அதையே எனக்கு நினைப்பூட்டினார். அவர் ஜெபிக்கிற மனுஷன்தான். ஆனால் ஜெபித்து எழுந்தவுடனே கடிதம் எழுதினார், பணம் திரட்டினார், டாக்டரைத் தேடினார், விமானத்தைத் தேடினார். ஜெபத்துக்கு வருகிற பதில் சில வேளை கைதட்டும்போது இறங்கி வரும், சில வேளை மரமும் துணியும் வைத்துச் செய்த விமானத்தில் இறங்கி வரும். இரண்டையும் அனுப்புகிறவர் ஒருவரே. எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்காக நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனுக்குப் பணமும் கொடுத்தான். ஆண்டவர் அதைத்தானே நமக்கு மாதிரியாக வைத்தார்?

ஆகவே பிரியமானவர்களே, நம்முடைய சபையில் யாராவது வியாதியை மறைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து வெட்கப்படாதீர்கள். என்னிடம் சொல்லுங்கள், மூப்பரிடம் சொல்லுங்கள். நாம் கைவைத்து ஜெபிப்போம். ஜெபித்துவிட்டு, தேவையானால் நானே கூட ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். தனியாய் வாழ்கிற வயதானவர்களின் பெயரை வாலிப சகோதரர்கள் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை போய், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேளுங்கள். நம் கண்ணுக்கு முன்னே இருந்தும் நாம் பாராமல் போகிறவர்கள் யார் என்றும் ஒவ்வொருவரும் கர்த்தருடைய சமூகத்தில் கேட்டுப் பாருங்கள். ஃபிளினுக்கும் தவறின இடம் அதுதான்.

அந்த 20 டாலர் நோட்டை நான் மாற்றவில்லை. அதன் மதிப்புக்கு என் கைப்பணத்தைக் காணிக்கையில் போட்டுவிட்டு, நோட்டை என் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். திறக்கும்போதெல்லாம் அந்தப் போதகரின் முகம் தெரியும். இரண்டு விரல் இல்லாத அந்தத் தாயாரின் காலும் ஞாபகத்துக்கு வரும்.

அன்பின் பரலோகப் பிதாவே, தூரத்தில் இருக்கிறவர்களைத் தேடிப் போகிற கால்களை எங்களுக்குத் தாரும். பக்கத்தில் இருக்கிறவர்களைக் காண்கிற கண்களையும் தாரும். ஜெபிக்கிற வாயோடு உதவுகிற கையையும் சேர்த்து ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் அன்புப் போதகர்